மிச்சம் விட்ட ஒரு வாய்

என் அன்பான அக்கா,

உடையார்கட்டிலிருந்து எழுதுகிறேன். நீ இருந்த காலத்தில் உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவோடு ரெலிபோனில் கதைக்கும்போது, "தம்பி நிக்கிறானோ?" என்று நீ கேட்பாய். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன். தோட்டத்துக்குப் போய்விட்டான் என்று சொல்லும்படி அம்மாவுக்குக் கையைக் காட்டுவேன். அம்மாவும் பெருமூச்சு விட்டுக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்லுவா. இப்போது நீ கேட்க இல்லை என்றானபின் பேனையைத் தூக்கியிருக்கிறேன். எனக்குப் புத்தி எப்போதும் பிந்தித்தான் வரும், அது உனக்குத் தெரியாததா?

நேற்று உன் ஆட்டத்திவசம் முடிந்தது. ஒரு வருடம் ஓடிவிட்டது, நம்பவே முடியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோவு குறையவில்லை, ஆனால் வாய் குறைந்தபாடில்லை. குளம் இந்த முறை வான் பாய்ந்தது. நீ கடைசியாக வந்தபோது கிணற்றடியில் நட்டுவிட்டுப் போன தேசிமரம் காய்க்கத் தொடங்கிவிட்டது. வெங்காயமும் நல்ல விளைச்சல். தோலெல்லாம் நல்ல சிவப்பு.

இதையெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை. அந்த மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். சாப்பிட்டு எழும்பும்போது சாப்பாட்டுக் கோப்பையில் ஒரு வாய் மிச்சம் விடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள்.

உனக்கு நினைவிருக்கும், அன்றைக்கு நான் வெங்காய லொறியோடு கொழும்புக்கு வந்திருந்தேன். விடியவே நீ ரெலிபோன் எடுத்தாய். "சந்தையிலை இறக்கிப்போட்டு நேர இஞ்சை வா. இண்டைக்கு நீ எங்கட கடையிலைதான் சாப்பிடுறாய். மேசை சொல்லி வைச்சிட்டன்," என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை, சண்டை முடிந்து நாங்கள் கிடந்த அகதி முகாமுக்குப் பிறகு நான் கேட்டதில்லை. நான் லொறிக்குள்ளேயே சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன். தலையில் வெங்காயச் சருகு இருந்ததை யாரும் சொல்லவில்லை.

நீ சமைக்கிற இடத்தைப் பிஸ்ட்ரோ என்று சொல்லும்போதெல்லாம் பெரிய ஹோட்டல் ஒன்றைத்தான் நான் நினைத்திருந்தேன். நகரத்தின் நட்ட நடுவில், வானைத் தொடுகிற வங்கிக் கட்டடங்களுக்கு இடையில், சிவப்புத் துணிப் பந்தல் இழுத்த ஒரு சின்னக் கடை. கரும்பலகையில் வெண்கட்டியால் சாப்பாட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. வட்ட மேசைகள், வளைத்த மரக் கதிரைகள், கழுத்துப்பட்டி கட்டிய கந்தோர் ஆட்கள். பிரெஞ்சுக்காரனின் சாப்பாட்டை உடையார்கட்டுப் பெட்டை சமைக்கிறாள், கொழும்புக்காரர் சாப்பிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது.

அங்கே சாப்பாடு பரிமாறுகிற செல்வம் என்னை யன்னலோர மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நீ குசினியிலிருந்து வெளியே வந்தாய். தலையில் வெள்ளைத் துணி, இடுப்பில் ஏப்பன், முழங்கைவரை சுருட்டிய கை. "பயப்பிடாதை. நான் உள்ளுக்கு நிண்டு ஒவ்வொண்டா அனுப்புறன். சூப்பிலை மாடு இல்லை. உனக்கெண்டு கோழி எலும்பு தனிய அவிச்சு வைச்சிருக்கிறன்," என்றாய். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாய்.

அங்கேதான் எனக்கு முதல் கோபம் வந்தது. நீ எனக்கு முன்னால் இருப்பாய் என்று நினைத்தேன். இருக்காவிட்டாலும் பக்கத்தில் நிற்பாய் என்று நினைத்தேன். எங்கள் வீடுகளில் சமைத்த ஆள் பக்கத்தில் நின்று, "இன்னும் போடட்டோ?" என்று கேட்காவிட்டால் அது ஒரு சாப்பாடா? நாங்கள் வேண்டாம் வேண்டாம் என்று கையை மறைக்க, அதற்கு மேலாலும் அகப்பையைக் கவிழ்த்தால்தானே விருந்து? நீ என்னவென்றால் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கொண்டு, மற்ற ஆளின் கையில் கொடுத்து அனுப்பினாய்.

சூப் வந்தது. ஒரு கனத்த மண்ணிறக் கிண்ணம். மேலே பாண் துண்டு, அதன்மேல் உருகிப் பொன்னிறமாகிய சீஸ். கரண்டியால் குத்தினேன், ஆவி முகத்தில் அடித்தது. அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அதற்குக் கீழே முழுக்க வெங்காயம். மணித்தியாலக் கணக்கில் வதங்கி, கறுத்த தேன் நிறத்தில், நாக்கில் வைத்ததும் கரைந்து போகிற வெங்காயம்.

அக்கா, நான் வெங்காயத்தை மண்ணோடு கண்டவன். மழையில் அழுகியும் கண்டவன், லொறியில் நசுங்கியும் கண்டவன். அதற்குள் இப்படி ஒரு இனிமை கிடக்கிறதென்று அந்த மத்தியானம்வரை எனக்குத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

ஆனால் நான் மிச்சம் விட்டேன். ஏன் என்று நீ அறியாய், ஏனென்றால் அந்தக் கதை நீ கொழும்புக்குப் போனபிறகு நடந்தது.

முகாமால் வந்த முதல் வருடம், ஒட்டுசுட்டானில் ஒரு கலியாண வீடு. அப்பாவும் நானும் சைக்கிளில் போனோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வாழையிலைச் சாப்பாடு. நான் இலையை வழித்து, விரலையும் நக்கினேன். அப்போது பந்தியில் ஆரோ ஒருவர் மற்றவருக்குச் சொன்னது கேட்டது. "பாவங்கள், செட்டிகுளம் முகாமிலை இருந்து வந்ததுகள். வடிவாச் சாப்பிடட்டும்." அவர் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அப்பாவுக்கு அது காதில் ஈயமாக விழுந்தது.

திரும்பி வரும்போது அரைவழியில் அப்பா சைக்கிளை நிறுத்தினார். பிறகு சொன்னார். "எடேய், இனி வெளியிலை சாப்பிடேக்கை ஒரு வாய் மிச்சம் விட்டிட்டு எழும்பு. பசியோடை வந்ததுகள் எண்டு ஒருத்தனும் எங்களைப் பாக்கக் கூடாது. விளங்குதோ?" எனக்கு விளங்கியது. அப்பா சாகும்வரை அப்படித்தான் எழும்பினார். நானும் எந்த வீட்டிலும் கோப்பையைக் காலி செய்ததில்லை. நல்ல சாப்பாடென்றால் இன்னும் கவனமாக மிச்சம் விடுவேன். அது எங்கள் மானம்.

எங்கள் வீட்டுக் கோப்பையில் ஒரு வாய் என்பது கண்ணுக்கே தெரியாது. உன் கடைக் கிண்ணத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அதோடு நான் காத்துக்கொண்டும் இருந்தேன். இரண்டாம் முறை போட ஆராவது வருவார்கள் என்று. செல்வம் வந்தார், சிரித்தார், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு பட்டர் ஊற்றிய பாரை மீன் வந்தது, உள்ளங்கையளவு. அதிலும் ஒரு வாய் விட்டேன். கடைசியாகக் கரமல் புடிங். அதிலும்.

மூன்றும் அரைகுறையாகத் திரும்பிக் குசினிக்குள் வந்ததை நீ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

ஏப்பனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எப்பிடியடா?" என்று கேட்டாய். "பரவாயில்லை," என்றேன். என் கண் வெளியே லொறி நிற்கிற இடத்தில் இருந்தது. "அம்மாவுக்குப் பாண் சுத்தித் தாறன், நில்லு," என்று உள்ளே போனாய். நான் நிற்கவில்லை. பொறுக்க முடியாத பசி, அக்கா. லொறியோடு விடிய விடிய வந்தவன். இரண்டு தெரு தள்ளி ஒரு சைவக்கடை கண்டேன். போய் இருந்து சோறு சொன்னேன்.

அங்கே நீ என்னைக் கண்டாய்.

நீ ஏப்பனோடு தெருவில் ஓடி வந்திருக்கிறாய். கையில் கடதாசியில் சுற்றிய நீட்டுப் பாண். எனக்கு வாய் நிறையச் சோறு, கை முழுக்கப் பருப்பு. மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டு நின்றான் கடைக்காரன். உன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ பாணை மேசையில் வைத்தாய். "சாப்பிடு, சாப்பிடு. ஆறுதலாச் சாப்பிடு," என்றாய். திரும்பிப் போய்விட்டாய். நீ தெரு கடந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கை கழுவ வேண்டுமே என்று இருந்துவிட்டேன்.

அதுதான் நான் உன்னைக் கடைசியாகக் கண்டது.

பிறகு பதினான்கு மாதம் நான் ரெலிபோனுக்கு வரவில்லை. முதலில் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் அது வெட்கம் என்று தெரிந்தது. தெரிந்தபிறகு இன்னும் வர முடியவில்லை. ஒரு காலையில் செல்வம் எடுத்தார். நீ குசினியில் விழுந்துவிட்டாய், தலைக்குள் இரத்தம் கசிகிறது, ஆசுபத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார். நான் பஸ்ஸில் வவுனியா தாண்டவில்லை, இரண்டாவது அழைப்பு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் எப்படி எப்படியோ போன காலத்தைத் தப்பி வந்த நீ, ஒரு சட்டிக்கு முன்னால் நின்றபடி போனாய்.

உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எட்டாம் நாள் படையல் போட்டோம். உனக்கு விருப்பமானதெல்லாம் அம்மா கேட்டுக் கேட்டுச் சமைத்தா. புட்டு, நெத்தலிப் பொரியல், முருங்கைக்காய்க் கறி, ஒரு போத்தல் சிவப்புச் சோடா, பல்லி முட்டாய்கூட. எல்லாவற்றையும் உன் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தோம். அம்மா அந்த இலையைப் பார்த்தபடி இருந்தா. திடீரென்று சொன்னா. "இது இருபத்தேழு வயசிலை வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு வைச்ச படையல். நாற்பத்து மூண்டு வயசிலை செத்தவளுக்கு என்ன விருப்பம் எண்டு இந்த வீட்டிலை ஆருக்குத் தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உன் கடையில் சாப்பிட்டவன் நான் ஒருவன்தானே.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒரு கரைச்சல். "அவள் பசியோடைதான் போனவள்," என்பா. சோறு பிசையும்போது கை நின்றுவிடும். ஆட்டத்திவசம் கிட்டக்கிட்ட என்னை இருக்க விடவில்லை. "போய்க் கேட்டுக்கொண்டு வா, தம்பி. அவள் அங்கை என்ன சாப்பிட்டவள், எதை விரும்பிச் சாப்பிட்டவள் எண்டு அங்கத்தையாக்களிட்டைக் கேள். இந்த முறையும் பிழையா வைச்சால் நான் கண் மூடமாட்டன்." முழங்கால் மட்டும் சரியென்றால் தானே போயிருப்பா.

அதனால் போன மாதம் நான் மறுபடி உன் பிஸ்ட்ரோவுக்குப் போனேன்.

கதவைத் திறந்ததும் செல்வம் என்னை அடையாளம் கண்டுவிட்டார். "வாங்கண்ணே. அக்காவோட மூக்கு அப்புடியே ஒங்களுக்கு இருக்கு," என்றார். அவரும் எங்கள் வன்னிதான் என்பது அன்றைக்குத்தான் தெரியும். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து செட்டிகுளத்தில் குடியேறியவர்களாம். அதே யன்னலோர மேசை. கந்தோர் ஆட்கள் இன்னும் வரத் தொடங்கவில்லை. "என்ன சாப்புடுறீங்க?" என்றார். "சூப்," என்றேன். வேறு என்ன சொல்லுவேன்?

உன்னிடம் சமையல் பழகிய நிலந்திதான் இப்போது சூப் செய்கிறா. அதே கிண்ணம், அதே பாண், அதே பொன்னிறம். இந்த முறை நாக்கைச் சுடாமல் ஊதிச் சாப்பிட்டேன். இரண்டாம் கரண்டியில் நின்றுவிட்டேன். முந்தின சூப் இது இல்லை. இனிப்புக்குப் பின்னால் ஒரு உறைப்பு மெல்ல எழும்பி வந்தது. அந்த உறைப்பை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்துச் சிவப்பு வெங்காயத்தின் உறைப்பு அது. நான் அழுதுவிடுவேன் என்று பயந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

செல்வம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மேசையோரம் நின்றார். நான் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அக்காவுக்குப் புடிச்சது இந்த சூப்புதாண்ணே. கிண்ணத்துல இல்ல. நாலு மணிக்கு வேலை ஓஞ்சதும், சட்டி அடில ஒட்டிக் கெடக்கும் பாருங்க, அத பாண் நுனியால வழிச்சு வழிச்சு சாப்புடுவாங்க. நின்னுக்கிட்டேதான். ஒரு பொட்டு மிஞ்சாது. 'சட்டி கழுவுறவைக்கு இண்டைக்கு வேலை இல்லை'ன்னு சிரிப்பாங்க."

"இருந்து சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"பதினாலு வருசத்துல ஒரே ஒரு நாளுதாண்ணே மேசையில ஒக்காந்தாங்க. நீங்க வந்துட்டுப் போனதுக்கு அடுத்த நாள்."

பிறகு அவர் சொன்னதை நீ அறிவாய், ஆனாலும் நான் கேட்டபடி எழுதுகிறேன். என் கிண்ணம் உள்ளே வந்ததும் நீ அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றாயாம். அந்தக் குசினியில் திரும்பி வரும் கோப்பைதான் தீர்ப்பு. காலியாக வந்தால் சாப்பாடு சரி, மிச்சத்தோடு வந்தால் எங்கேயோ பிழை. அடுத்த நாள், கடையில் ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, ஏப்பனைக் கழற்றிவிட்டு வந்து நான் இருந்த கதிரையில் இருந்தாயாம். "செல்வம், வெளியாக்களுக்குக் குடுக்கிற மாதிரி எனக்கு ஒரு சூப் கொண்டு வாங்கோ," என்றாயாம். முழுவதையும் சாப்பிட்டாயாம்.

"சாப்புட்டு முடிச்சிட்டு அக்கா சொன்னாங்க, 'தம்பி செய்தது சரி. அவன் வெங்காயக்காரன். அவன்ர நாக்குப் பொய் சொல்லாது. இதிலை இனிப்பு மட்டும்தான் கிடக்கு, வெங்காயம் இல்லை'ன்னு. அன்னைலருந்து பெரிய வெங்காயத்தோட வன்னிச் சின்ன வெங்காயமும் கலந்தாங்க. அத உரிக்கிறது எம்புட்டு வேலை! யாரையும் உரிக்க விடமாட்டாங்க. கெழமைக்கு ஒண்ணு மாத்தி மாத்திப் பாத்தாங்க. இப்ப இந்த சூப்புக்குன்னே ஆளுங்க வராங்க. ஆனா அக்காவுக்கு அதெல்லாம் பத்தாது. 'தம்பி வரட்டும். இந்த முறை வழிச்சுச் சாப்பிடுவான் பாருங்கோ'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

சைவக்கடையில் என்னைக் கண்டதை நீ ஒருவருக்கும் சொல்லவில்லை. செல்வத்துக்குத் தெரியாது, நிலந்திக்குத் தெரியாது, அம்மாவுக்கும் நீ சொல்லியிருக்கவில்லை. என்னை நீ ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. பதினான்கு மாதம், வெள்ளிக்கு வெள்ளி, "தம்பி நிக்கிறானோ?" என்று நீ கேட்டது எதற்கு? சூப் சரிவந்துவிட்டது, வந்து சாப்பிடு என்று சொல்லத்தானா? நான் பக்கத்தில் இருந்தபடி கையைக் காட்டிக்கொண்டிருந்தேனே, அக்கா.

செல்வம் தயங்கித் தயங்கி மறுபடி வாய் திறந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நிலந்தி கேட்டுட்டு வரச் சொல்லிச்சு. இன்னைக்கும் மிச்சம் வச்சிட்டீங்களே... இன்னமும் சரியில்லீங்களா?"

மிச்சம் விட்டிருந்தேனா? விட்டிருந்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு, யன்னலைப் பார்த்துக்கொண்டு, என் கை தன்பாட்டுக்கு அந்த ஒரு வாயை விட்டிருந்தது. எத்தனை வருடப் பழக்கம். குசினிக் கதவடியில் நிலந்தி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் கையில் என் கிண்ணம்.

"அதைக் கழுவிப் போடாதையுங்கோ!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் உள்ளே வந்த இரண்டு கந்தோர்க்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். நான் எழும்பி, கூடையிலிருந்த பாண் துண்டையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். சாப்பிட வந்த ஆட்கள் அங்கே போவதில்லையாம். நிலந்தியின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினேன். சூப் ஆறிப்போயிருந்தது, சீஸ் ஓரத்தில் இறுகியிருந்தது. நின்றபடி, நீ சாப்பிடுகிற மாதிரி, பாணால் வழித்தேன். அடியை வழித்தேன், ஓரத்தை வழித்தேன், விரலையும் வைத்து நக்கினேன். பசியோடு வந்தவன் என்று பார்க்கிறவன் பார்க்கட்டும். உண்மையில் நான் பசியோடு வந்தவன்தான்.

"ஹொந்தாய்," நல்லாயிருக்கு என்று நிலந்திக்குச் சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்கு மேல் வழியில்லை. அவ கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தா. பிறகு செல்வத்துக்கும் காட்டினா. பிறகு ஏப்பனால் முகத்தை மூடிக்கொண்டா. அப்பாவின் கலியாணவீட்டுக் கதையை நான் செல்வத்துக்குச் சொல்ல, அவர் சிங்களத்தில் அவவுக்குச் சொல்ல, நாங்கள் மூன்று பேரும் உன் அடுப்படியில் அழுது கொண்டு நின்றோம். வெளியே இரண்டு கந்தோர்க்காரர் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

நிலந்தி எனக்குச் செய்முறை சொல்லித் தந்தா, செல்வம் ஒவ்வொன்றாக எழுதித் தந்தார். திவசத்துக்கு மச்ச மாமிசம் ஆகாது, எலும்பு போட முடியாது என்றேன். அவ யோசித்துவிட்டு, வெங்காயத் தோலைக் கழுவி அவித்து அந்தத் தண்ணியை ஊற்றச் சொன்னா, நிறமும் வரும், மணமும் வரும் என்று. அதையும் நீ ஒருநாள் செய்து பார்த்தாயாம். வைனுக்குப் பதிலாகக் கொஞ்சம் வினாகிரி.

நேற்று ஐயர் காலையில் வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போனபின் நான் அடுப்படிக்குப் போனேன். சொந்தக்காரப் பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். நானே பிடுங்கி, நானே காயவைத்த வெங்காயத்தை நானே உரித்தேன். இரண்டு மணித்தியாலம் கிண்டினேன். முதல்முறை அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது, நீ கண்டிருந்தால் அகப்பையால் போட்டிருப்பாய். இரண்டாம் முறை சரி வந்தது. உன் நிறம் வரவில்லை, உன் மணம் வந்தது. றோஸ் பாண் வெட்டி மேலே வைத்து, கிளிநொச்சியில் வாங்கிய சீஸை வைத்து, தணல் போட்ட தட்டத்தால் மூடினேன்.

உன் படத்துக்கு முன்னால் வழக்கம்போல நிலத்தில் தலைவாழை இலை விரித்திருந்தார்கள். நான் கிண்ணத்தைக் கொண்டு வந்தேன். அம்மா என்னை நிறுத்தினா.

"அவள் அங்கை நிண்டுகொண்டோ சாப்பிட்டவள்?"

"ஓம், அம்மா."

"பதினாலு வருசமுமோ?"

"ஒருநாள் மட்டும் இருந்தவவாம்."

அம்மா இலையைக் கையால் காட்டினா. பிறகு சொன்னா. "உந்த இலையை எடு. மேசையைக் கொண்டு வந்து போடு. கதிரையும் ஒண்டு வை. பிள்ளை இருந்து சாப்பிடட்டும்."

படையலுக்குக் கதிரை வைத்ததை எங்கள் ஊரில் ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். மேசையில் துணி விரித்தோம். கிண்ணம் வைத்தோம், கரண்டி வைத்தோம், ஒரு குவளை தண்ணீர் வைத்தோம், கிணற்றடித் தேசிக்காய் ஒன்றும் வைத்தோம். உன் படத்தை எதிர்ச் சுவரில் சார்த்தி, கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டேன், நீ வந்து இருக்க வசதியாக.

எல்லோரும் கும்பிட்டுவிட்டு, நீ வந்து சாப்பிட வழிவிட்டு, வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்கள். அம்மா எனக்கு மட்டும் கண்ணைக் காட்டினா. நான் உள்ளே நின்றேன். உன் கதிரைக்குப் பக்கத்தில், சட்டியும் அகப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிண்ணத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, அந்த மத்தியானம் நான் உன் வாயால் கேட்கக் காத்திருந்ததை உன்னிடம் கேட்டேன்.

"அக்கா, இன்னும் போடட்டோ?"

வருடா வருடம் இந்த மேசை போடுவேன். கதிரை இழுத்து வைப்பேன். பக்கத்தில் நின்று கேட்பேன். நீ எழும்பியபிறகு உன் கிண்ணத்தை எடுத்து, ஒரு பொட்டு மிஞ்சாமல் பாணால் வழித்துச் சாப்பிடுவேன். நேற்றும் அப்படித்தான் சாப்பிட்டேன், அக்கா. கிண்ணம் காலி.

உன் கூடப்பிறந்த,
வெங்காயக்காரத் தம்பி